ஆறு பேர், ரெண்டு கேபின், ஒரு கப்பல்

"ஒருவருக்கு வெறும் இவ்வளவுதான்!"

கப்பல் படம் போட்டு, கீழ கொட்டை எழுத்துல ஒரு விலை. பக்கத்துல பொடிசா ஒரு நட்சத்திரம். கப்பல் டூர் போகலாம்னு ஆசைப்படுற குடும்பம் முதல்ல படிக்க வேண்டியது அந்த நட்சத்திரத்தோட விளக்கத்தைத்தான். அதை யாரும் படிக்கிறதில்ல. (மூக்குக்கண்ணாடி போட்டவங்களும் சேர்த்துத்தான்.)

அந்த விலை, ரெண்டு பேர் ஒரு கேபின்ல தங்கினா ஆளுக்கு ஆகிற காசு. ஒத்தையா போறவர் பெரும்பாலும் ரெண்டு ஆள் கட்டணத்துக்குப் பக்கத்துல கட்டுவார். விளம்பர விலையும் பெரும்பாலும் ஜன்னலே இல்லாத கேபினுக்குத்தான். துறைமுகக் கட்டணம், வரி எல்லாம் அடுத்த பக்கத்துல வந்து சேரும். அதுக்கப்புறம் டிப்ஸ். சிங்கப்பூர்ல இருந்து கிளம்புற ராயல் கரீபியன் மாதிரி கப்பல்ல, சாதாரண கேபினுக்கே தலைக்கு ஒரு நாளைக்கு 18 டாலருக்கு மேல டிப்ஸ் தானாவே கணக்குல ஏறிடும். பத்து வயசுப் பொண்ணுக்கும் அதே தொகைதான், அவ தட்டுல பாதியை மிச்சம் வச்சாலும். நாலு பேர், நாலு ராத்திரின்னு போட்டுப் பாருங்க. 288 டாலரைத் தாண்டும். இதை ஏமாத்து வேலைன்னு சொல்ல முடியாது. அறையைக் கூட்டித் துடைக்கிறவர், சாப்பாடு பரிமாறுறவர், திரைக்குப் பின்னாடி பாத்திரம் தேய்க்கிறவர்னு பல பேருக்கு அந்தக் காசு போகுது. ஆனா முன்கூட்டியே தெரிஞ்சா கடைசி நாள் பில்லைப் பார்த்து முகம் சுருங்காது.

சரி, காசுல எது அடங்கும்? கேபின், பொதுச் சாப்பாட்டுக் கூடம், பஃபே, நீச்சல் குளம், ராத்திரி மேடை நிகழ்ச்சி, குழந்தைங்க கிளப்பு. இவ்வளவும் டிக்கெட்லயே வந்துடும். சாராயம், கூல்டிரிங்க்ஸ், தனி ரெஸ்டாரண்ட், வைஃபை, ஸ்பா, இறங்குற ஊர்ல சுத்திக் காட்டுற டூர் இதெல்லாம் பெரும்பாலும் தனி. கப்பலுக்குள்ள ரூபாயோ டாலரோ கையில எடுக்கவே வேண்டாம், ஒரு அட்டையை நீட்டினாப் போதும். நீட்டுறது சுலபமா இருக்கிறதாலயே பசங்க கையில அட்டையைக் குடுக்கும்போது அப்பா அம்மா கொஞ்சம் யோசிக்கிறது நல்லது.

இப்ப ஒரு குடும்பத்த மனசுல வச்சுக்குவோம். தாம்பரத்துப் பக்கம். தாத்தாவுக்கு முட்டி வலி. பாட்டிக்கு தயிர் இல்லாம சாப்பாடு இறங்காது. மகன், மருமகள், பத்து வயசுப் பொண்ணு, இன்னும் டயப்பர்ல இருக்கிற ரெண்டரை வயசுப் பையன். ஆறு பேர். இந்த மாதிரிக் குடும்பம் மலேசியாவுக்கோ தாய்லாந்துக்கோ பஸ் டூர் போனா எப்படி இருக்கும்னு எல்லாருக்கும் தெரியும். காலையில ஆறு மணிக்குப் பெட்டி கட்டு, ஏழு மணிக்கு இட்லி தேடு, எட்டு மணிக்கு பஸ்ல ஏறு. தாத்தா நடக்க முடியாம உக்கார, மகன் அவரோட உக்கார, மருமகள் பையனைத் தூக்கிக்கிட்டு ஓட, பொண்ணு மூஞ்சியைத் தூக்கி வச்சுக்க... யாருமே எதையும் முழுசா பார்க்காம திரும்பி வருவாங்க.

கப்பல் இந்த இடத்துலதான் ஜெயிக்குது. பெட்டியை ஒரே தடவை பிரிச்சு அலமாரியில அடுக்கினாப் போச்சு, ஊருதான் மாறும். எல்லாரும் எல்லா இடத்துக்கும் சேர்ந்தே போகணும்ங்கிற கட்டாயமும் இல்ல. தாத்தா டெக்ல நாற்காலி போட்டுக் கடலைப் பார்க்கலாம். பொண்ணு கிளப்புல புதுசா நாலு பேரைப் பிடிச்சுக்கிட்டு வரமாட்டேன்னு அடம் பிடிக்கலாம். ராத்திரி எட்டு மணிக்கு சாப்பாட்டு மேஜையில ஆறு பேரும் ஒண்ணு சேர்ந்தாப் போதும். கூட்டுக் குடும்பத்தோட சண்டை வராம நாலு நாள் ஓட்டணும்னா ஒருத்தரை ஒருத்தர் ஒட்டிக்காம இருக்க இடம் வேணும். அது கப்பல்ல தாராளமா இருக்கு.

அதனால ஊரைப் பார்த்து டிக்கெட் எடுக்காதீங்க, கப்பலைப் பார்த்து எடுங்க.

இதை கம்பெனிக்காரங்களே ஒத்துக்கிட்டாச்சு. டிஸ்னி அட்வென்ச்சர்னு ஒரு கப்பல். ஜெர்மனியில விஸ்மார் தளத்துல வேற ஒரு கம்பெனிக்காகக் கட்ட ஆரம்பிச்சு, அந்தக் கம்பெனி திவாலாகி, பாதியில நின்ன கப்பலை 2022-ல டிஸ்னி வாங்குச்சு. 2,08,000 டன் கொள்ளளவு, சுமார் 6,700 பயணிகள். சிங்கப்பூர்தான் அதுக்கு வீடு. மூணு நாலு ராத்திரி கடல்ல சுத்திட்டு, வேற எந்த ஊர்லயும் நிக்காம, திரும்ப சிங்கப்பூருக்கே வர்ற மாதிரிதான் பயணத்திட்டமே போட்டாங்க. எங்கயும் போகாத கப்பல்!

யோசிச்சுப் பார்த்தா இது புதுசு இல்ல. 1891 ஜனவரியில ஹாம்பர்க்-அமெரிக்கா லைன் கம்பெனியோட ஆல்பர்ட் பாலின் ஒரு கணக்குப் போட்டார். குளிர்காலத்துல அட்லாண்டிக்கைத் தாண்ட ஆள் வர்றதில்ல, கப்பல் சும்மா நிக்குது. ஆகஸ்டா விக்டோரியாங்கிற கப்பல்ல 241 பேரை ஏத்தி மத்தியதரைக் கடலைச் சுத்திக் காட்டக் கிளம்பிட்டார். பைத்தியக்காரத்தனம்னு சிரிச்சவங்க இருந்தாங்க. ஒரு ஊருக்குப் போய்ச் சேர்றதுக்கு இல்லாம, சும்மா போறதுக்கே கப்பல் ஏறுற வழக்கம் பிடிச்சதுல அந்தப் பயணத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

நம்ம ஊர்லயும் இருக்கு, சிங்கப்பூர் வரைக்கும் போக வேண்டியதில்ல. 2022 ஜூன் 4-ஆம் தேதி சென்னைத் துறைமுகத்துல இருந்து கோர்டிலியா குரூசஸோட எம்ப்ரஸ் கப்பலை முதல்வர் ஸ்டாலின் தொடங்கி வச்சார். விசாகப்பட்டினம், புதுச்சேரின்னு திட்டம். ஆனா சூதாட்டக்கூடம் இருக்கிற கப்பல் இங்க வேண்டாம்னு புதுச்சேரியில எதிர்ப்பு கிளம்பி, அங்க அனுமதி கிடைக்கல. அடுத்த வருஷம் ஜூன்ல அதே கப்பல் இலங்கைக்குப் போச்சு: அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை. காங்கேசன்துறையில இறங்கினா யாழ்ப்பாணம் கூப்பிடு தூரம். நல்லூர் கந்தசாமி கோயில், யாழ் நூலகம், கீரிமலைக் கேணின்னு ஒரு பகல் சரியா இருக்கும்.

எம்ப்ரஸ் பழைய கப்பல். 1990-ல பிரான்ஸ்ல செயின்ட் நசேர்ல கட்டி, நார்டிக் எம்ப்ரஸ்ங்கிற பேர்ல மயாமியில இருந்து மூணு நாலு நாள் பயணத்துக்கு ஓடினது. புதுக் கப்பல்கள்ல இருக்கிற ராட்சத சறுக்கு, அலைக்குளம் எல்லாம் எதிர்பார்க்கக் கூடாது. ஆனா முதல் தடவை போறவங்களுக்கு, கப்பல் ஒத்துக்குதான்னு பார்க்க, ரெண்டு ராத்திரிப் பயணம் ஒண்ணு போயிட்டு வர்றது புத்திசாலித்தனம். ஏன் சென்னையில அது தலைகாட்டுறது நம்ம கோடை முடியிற சமயமா இருக்குன்னு கேட்டா, காரணம் தென்மேற்குப் பருவமழை. அந்த மாசங்கள்ல அரபிக்கடல் கொந்தளிக்கும், மும்பையில இருந்து கோவா, லட்சத்தீவு பக்கம் ஓட்ட முடியாது. அதனால கப்பல் கிழக்குப் பக்கம் வந்துடும்.

ஆடுமா? ஆடும்.

பெரிய கப்பல்ல தண்ணிக்கு அடியில ரெண்டு பக்கமும் மீன் துடுப்பு மாதிரி நீட்டிக்கிட்டு இருக்கிற தகடு, பக்கவாட்டு ஆட்டத்தை நல்லாவே குறைச்சிடும். இருந்தாலும் சிலருக்கு ஒத்துக்காது. கேபின் எடுக்கும்போது கப்பலோட நடுவுல, கீழ் டெக்கா பார்த்து எடுத்தா ஆட்டம் குறைவாத் தெரியும். மூக்கு நுனியில உயரத்துல இருக்கிற பால்கனி கேபின் படத்துல அழகா இருக்கும், பாட்டிக்கு வயித்தைப் புரட்டும். அவோமின் மாதிரி மாத்திரையை டாக்டர்கிட்ட கேட்டு, குமட்டல் வர்றதுக்கு முன்னாடியே போடணும். வந்தப்புறம் போட்டா மாத்திரையும் சேர்ந்து வெளிய வந்துடும். இஞ்சி மரப்பா ஒரு பாக்கெட் கையில இருக்கட்டும். வெளிக்காத்து படுற இடத்துல நின்னு தொடுவானத்தைப் பார்த்தா பலருக்குத் தேவலாம்னு இருக்கும்.

இன்னொண்ணும் இருக்கு. கேபினுக்கு நேர் மேல என்ன இருக்குன்னு கப்பலோட டெக் படத்துல பாருங்க. பஃபேயோ நீச்சல் குளமோ இருந்தா, விடியக்காலையில நாற்காலி இழுக்கிற சத்தத்துலதான் கண் முழிக்கணும். மேலயும் கீழயும் கேபினே இருக்கிற டெக்தான் தாத்தாவுக்கு நிம்மதி. லிஃப்ட் பக்கத்துல கிடைச்சா இன்னும் விசேஷம், ஏன்னா இந்தக் கப்பல் நடைபாதைங்க முடிவே இல்லாம நீளும்.

கேபினைப் பத்தி ரெண்டு வார்த்தை. கதவைத் திறந்ததும் "இவ்வளவுதானா!"ன்னுதான் எல்லாரும் சொல்லுவாங்க. ஒரு கட்டில், அலமாரி, ஒருத்தர் திரும்பினா இன்னொருத்தர் ஒதுங்கணும்ங்கிற அளவுக்கு பாத்ரூம். மூணாவது, நாலாவது ஆளுக்குப் படுக்கை எங்கன்னு தேடினா, ராத்திரி கேபின் பையன் வந்து ஒரு சாவியைப் போட்டுத் திருப்புவார், கூரையில இருந்து படுக்கை இறங்கும். பத்து வயசுப் பொண்ணுக்கு டூர்லயே பெரிய சந்தோஷம் அதுவாத்தான் இருக்கும். காலிப் பெட்டியெல்லாம் கட்டிலுக்கு அடியில போயிடும். சுவர் பெரும்பாலும் இரும்புத்தகடு, அதனால ஃபிரிட்ஜ்ல ஒட்டுற காந்தக் கொக்கி நாலு எடுத்துட்டுப் போனா தொப்பி, ஈர நீச்சல் உடை எல்லாம் தொங்கவிடலாம். பிளக் பாயிண்ட்தான் பஞ்சம்.

பிளக் பாயிண்ட்னு சொன்னதும் மருமகள் பெட்டியில ஒரு எக்ஸ்டென்ஷன் வயரை வைப்பாங்க. பாட்டி சின்ன ரைஸ் குக்கரை வைப்பாங்க. மகன் சட்டைக்கு இஸ்திரிப் பெட்டி. மூணையும் செக்-இன் ஸ்கேன்ல எடுத்து வச்சுக்குவாங்க! கெட்டில், குக்கர், இஸ்திரிப் பெட்டி இதெல்லாம் பெரிய கப்பல்கள்ல தடை. நடுக்கடல்ல தீ பிடிச்சா ஓட இடமில்ல, அதனால சூடு கிளப்புற எதையும் உள்ள விட மாட்டாங்க. வீட்டுல செஞ்ச புளியோதரையும் பெரும்பாலும் வாசல் தாண்டாது. கம்பெனி சீல் போட்ட பாக்கெட் தின்பண்டம்னா விடுவாங்க.

அப்ப பாட்டியோட தயிர்?

"ஏம்மா, தயிர் இருக்கா பாரு."
"இருக்கு அத்தை. ஆனா ஸ்ட்ராபெரி போட்டது."

கவலை வேண்டாம், காலைப் பலகாரப் பக்கத்துல இனிப்பில்லாத தயிர் பெரும்பாலும் இருக்கும். சோறு மதியம் கிடைக்கும். ரெண்டையும் சேர்க்கிறது பாட்டி பொறுப்பு. இந்தியர்கள் நிறைய ஏறுற கப்பல்கள்ல சைவம், ஜெயின் சாப்பாடு எல்லாம் தனியா உண்டு. டிக்கெட் எடுக்கும்போதே எழுதிக் குடுத்துட்டா நல்லது. முதல் நாள் ராத்திரி சாப்பாட்டுக் கூடத்துல பரிமாறுறவர்கிட்ட சொல்லி வச்சா, மறுநாள் மெனுவுல இல்லாத பருப்பும் ரொட்டியும் வந்து உக்காரும். பஃபேக்குள்ள நுழையும்போது கை கழுவச் சொல்லி ஒருத்தர் பாட்டாவே பாடிக்கிட்டு நிப்பார். சிரிச்சுட்டுப் போயிடாதீங்க. கப்பல்ல வயித்துப்போக்கைப் பரப்புற நோரோ வைரஸுக்கு சானிடைசர் ஜெல் அவ்வளவா பயப்படாது. சோப்பும் தண்ணியும்தான் வேணும்.

டயப்பர் பையன் விஷயம்தான் பல பேருக்கு அதிர்ச்சி. குழந்தைங்க கிளப்புன்னு விளம்பரத்துல பார்த்து "நமக்கு ரெண்டு மணி நேரம் ஓய்வு"ன்னு மருமகள் கனவு கண்டிருப்பாங்க. ராயல் கரீபியன் கப்பல்ல அந்தக் கிளப்பு மூணு வயசுல இருந்துதான், அதுவும் டயப்பர் விட்டிருக்கணும். பெரிய நீச்சல் குளத்துலயும் டயப்பர் குழந்தைங்களுக்கு இடமில்ல, நீச்சல் டயப்பர் போட்டிருந்தாலும். கைக்குழந்தைன்னா ஆறு மாசம் நிறைஞ்சிருக்கணும், நீண்ட கடல் பயணத்துக்கு ஒரு வயசு. கர்ப்பிணிங்க 24-ஆவது வாரத்தைத் தொட்டா ஏத்த மாட்டாங்க. சுருக்கமாச் சொன்னா, பையன் மூணு வயசு தாண்டுற வரைக்கும் ஆறு மாசம் தள்ளிப் போட்டா மொத்தக் குடும்பமும் நிம்மதியாப் போகும். இந்த ஒரு விஷயத்துல பொறுமை காசை விடப் பெருசு.

பேப்பர் வேலை. சிங்கப்பூர்ல ஏறி, பினாங்கு போய், திரும்ப சிங்கப்பூர்ல இறங்கினா, ரெண்டு தடவை சிங்கப்பூருக்குள்ள நுழையிற கணக்கு. ஒரே நுழைவு விசாவோட போனா மாட்டிக்குவீங்க, பல நுழைவு விசாவான்னு பார்த்துக்குங்க. மலேசியா 2023 டிசம்பர்ல இருந்து இந்தியர்களை 30 நாள் வரைக்கும் விசா இல்லாமலே விடுது. தாய்லாந்துலயும் அந்த மாதிரி சலுகை வந்தது. இதெல்லாம் அடிக்கடி மாறும், கிளம்புற மாசத்துல ஒரு தடவை சரிபார்க்கணும். கப்பல்ல இருந்து இறங்கவே போறதில்லன்னாலும் விசா கேப்பாங்க. பாஸ்போர்ட் ஆறு மாசத்துக்குக் குறையாம செல்லுபடியாகணும். கப்பல் கிளம்புற நாளே விமானத்துல போய் இறங்குறது ரிஸ்க். ஒரு நாள் முன்னாடி போய் சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவுல தங்கி, மறுநாள் சாவகாசமா மரீனா சவுத் பியர் மெட்ரோ ஸ்டேஷன்ல இறங்கினா கப்பல் முனையம் பக்கத்துலயே இருக்கு.

ஏறினதும் எல்லாருக்கும் பசிக்கும், பஃபேக்கு ஓடுவாங்க. அதுக்கு முன்னாடி பாதுகாப்புப் பயிற்சி. ஏழு குறுகிய சங்கு, ஒரு நீண்ட சங்கு. கேட்டதும் எந்த இடத்துல போய் நிக்கணும், லைஃப் ஜாக்கெட் எங்க இருக்குன்னு காட்டுவாங்க. கடுப்பாத்தான் இருக்கும். 2012 ஜனவரி 13 ராத்திரி இத்தாலியில ஜிலியோ தீவு கிட்ட கோஸ்டா கான்கார்டியா பாறையில மோதினப்ப, அன்னைக்கு சாயங்காலம் ஏறின பல நூறு பேருக்கு அந்தப் பயிற்சியே நடந்திருக்கல. 32 பேர் இறந்தாங்க. ஏறின 24 மணி நேரத்துக்குள்ள நடத்தினாப் போதும்னு அப்ப விதி இருந்தது. அதுக்கப்புறம்தான், கிளம்புறதுக்கு முன்னாடியோ கிளம்பின உடனேயோ நடத்தியே ஆகணும்னு மாத்தினாங்க. தாத்தாவையும் கூட்டிட்டுப் போய் அந்த இடத்தை ஒரு தடவை காட்டிட்டு வந்துடுங்க.

கரை மறைஞ்சதும் எல்லா போனும் ஏரோப்ளேன் மோடுக்கு. கப்பலுக்குள்ளயே செயற்கைக்கோள் வழியா ஓடுற தனி மொபைல் நெட்வொர்க் இருக்கும், போன் தானா அதுல ஒட்டிக்கும். மலேசியாவுக்குப் போட்ட சாதாரண ரோமிங் பேக் அங்க செல்லாது. தாத்தா "குட் மார்னிங்" ரோஜாப்பூ நாலு பேருக்கு அனுப்பினா அந்த மாச பில் என்னாகும்னு சொல்ல வேண்டியதில்ல. ஆறு பேருக்கும் வைஃபை வாங்கணும்னு இல்ல, ஒருத்தருக்கு வாங்கினாலே ஊர்ச் செய்தி தெரிஞ்சுக்கலாம். மத்தவங்க எப்ப எங்க சந்திக்கிறதுன்னு காலையிலயே பேசி வச்சுக்கணும், 1990-ல பேசி வச்சுக்கிட்ட மாதிரி.

ஊர் விஷயத்துக்கு வருவோம். ஊரைப் பார்த்து டிக்கெட் எடுக்காதீங்கன்னு சொன்னாலும், பினாங்கு மட்டும் விதிவிலக்கு. கப்பல் நிக்கிற ஸ்வெட்டன்ஹாம் துறை ஜார்ஜ் டவுன் நகரத்துக்குள்ளயே இருக்கு. படி இறங்கி நடந்தா கொஞ்ச நேரத்துல லிட்டில் இந்தியா. கேசட் கடைக் காலத்துல இருந்து மாறாத சத்தத்துல தமிழ்ப் பாட்டு, மல்லிப்பூ, வடை வாசனை. குயின் தெருவுல 1833-ல கட்டின மாரியம்மன் கோயில். தாத்தா முட்டியே கூட ஒத்துழைக்கும். 1926-ல இருந்து ஏறத்தாழ அரை நூற்றாண்டு, சென்னையில ஏறி நாகப்பட்டினம் வழியா ரஜூலா கப்பல் இந்தப் பினாங்குக்கும், அங்கிருந்து கிள்ளான், சிங்கப்பூருக்கும்தான் வந்து போச்சு. டெக்ல பாய் விரிச்சு வந்தவங்களோட பேரப்பிள்ளைங்கதான் இன்னைக்கு அந்தக் கடைங்கள்ல கல்லாவுல உக்காந்திருக்கிறவங்கள்ல பல பேர்.

போர்ட் கிள்ளான் அப்படி இல்ல. கோலாலம்பூர்னு விளம்பரத்துல போட்டிருப்பாங்க, இறங்கினா நகரம் ரோட்டுல ஒரு மணி நேரத்துக்கு மேல. போக வர நேரத்தைக் கழிச்சா ட்வின் டவர்ஸ் முன்னாடி போட்டோ எடுக்கத்தான் பொழுது இருக்கும். புக்கெட்ல பெரிய கப்பல் பட்டோங் கடற்கரைக்கு எதிர்ல நங்கூரம் போடும், சின்னப் படகுல மாறிக் கரைக்குப் போகணும். ஆடுற படகுல தாத்தாவை இறக்கி ஏத்துறதுக்குப் பதிலா, அன்னைக்கு அவரும் பாட்டியும் கப்பல்லயே தங்கிடலாம். ஊரே இறங்கிப் போன பிறகு நீச்சல் குளம், லிஃப்ட், காபி எதுக்கும் வரிசை இல்ல. விவரம் தெரிஞ்சவங்க வேணும்னே இறங்காம இருக்கிற நாள் அது.

இறங்கினவங்க ஒண்ணு மட்டும் மறக்கக் கூடாது. கப்பல் காத்திருக்காது. 2024 மார்ச்ல ஆப்பிரிக்காவுல சாவோ டோமே தீவுல, வெளி ஆள் ஏற்பாட்டுல டூர் போன எட்டு பேர் லேட்டா வந்தாங்க. நார்வீஜியன் டான் கப்பல் கண்ணுக்கு எதிர்லயே நிக்குது, கடலோரக் காவல் படகுல பக்கம் வரைக்கும் போயும் ஏத்தல. சொந்தக் காசுல பல நாடு தாண்டி, செனகல்ல டக்கார் போய்த்தான் மறுபடி கப்பலைப் பிடிச்சாங்க. கப்பல் கம்பெனியோட டூர் விலை கூடுதல்தான், ஆனா அந்த பஸ் லேட்டானா அதுக்காகக் காத்திருப்பாங்க. பினாங்கு மாதிரி நடந்து சுத்துற ஊருக்கு அந்த டூர் தேவையே இல்ல. தூரமாப் போற ஊருக்கு மட்டும் எடுத்தாப் போதும். கப்பல் நேரமும் ஊர் நேரமும் வேறயா இருக்கலாம், எது கணக்குன்னு இறங்கும்போதே கேட்டுக்குங்க.

கடைசி ராத்திரி ஒரு குழப்பம் வரும். பெரிய பெட்டியெல்லாம் படுக்கிறதுக்கு முன்னாடி கதவுக்கு வெளிய வைக்கச் சொல்லுவாங்க. சீட்டு ஒட்டி ராத்திரியோட எடுத்துட்டுப் போயிடுவாங்க, காலையில முனையத்துல வாங்கிக்கலாம். பொறுப்பான மருமகள் எல்லாத்தையும் மடிச்சு அடுக்கி வெளிய வச்சுடுவாங்க. காலையில எழுந்து பார்த்தா, போட்டிருக்கிற நைட் டிரஸ்ஸைத் தவிர ஒண்ணும் இருக்காது. மறுநாள் துணி, மாத்திரை, பாஸ்போர்ட், தாத்தாவோட பல் செட்டு, இவ்வளவையும் தனியா ஒரு தோள் பையில எடுத்து வச்சுட்டு மத்ததை வெளிய வைக்கணும். அப்படியே கணக்குச் சீட்டையும் ராத்திரியே பார்த்துடுங்க. குடிக்காத ஜூஸுக்கு பில் போட்டிருந்தா அப்பவே போய்ச் சொல்லணும், காலையில அந்த கவுண்டர்ல திருப்பதி வரிசை. ஊருக்குத் திரும்புற விமானம் மதியத்துக்கு மேல இருக்கட்டும்.